ஜசிந்தாவின் பொஸ்பேட்

போன மாதம் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புது இயந்திரம் ஒன்று வந்தது. 'எங்கள்' என்று சொல்லி நாக்குப் பழகிவிட்டது; நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. அங்கே இப்போது பொறுப்பாக இருக்கும் றிஸ்னா தொலைபேசியில் கோல் எடுத்து, "சேர், இனிப் பராதைரொயிட் ஹோர்மோனை இங்கயே பாக்கலாம். கொழும்புக்கு அனுப்பத் தேவையில்ல. ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றாள். என் ஊர் மதுரங்குளியில் பஸ் ஏறிப் போனேன்.

எனக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்து, ஒரு குழாய் இரத்தத்தை இயந்திரத்துக்குள் வைத்தார்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் கல்சியம், பொஸ்பேட், ஹோர்மோன் மூன்றும் ஒரே திரையில் வந்து நின்றன. புதிதாக வந்த பிள்ளைகள், "உங்கட காலத்தில எப்படி சேர் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர்களுக்கு வேலை வந்துவிட்டது. "எழுதித் தாங்க சேர்" என்றாள் றிஸ்னா. அதனால்தான் இது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் படித்தேன். மலைநாட்டில் கொஞ்சக் காலம் குளிரில் நடுங்கிக்கொண்டு வேலை செய்தேன். பிறகு கேட்டு வாங்கி ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வேலையை உண்மையில் படித்தது அங்கேதான், கருணாதாச சேரிடம்.

அவர் சிலாபத்துக்காரர். வீட்டில் சிங்களம், கடைத்தெருவில் தமிழ். எங்களோடு இரண்டையும் கலந்து கதைப்பார்; 'தம்பி' என்பதைச் சிங்களத்தில் 'மல்லி' என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஓர் இரத்த மாதிரி சரியில்லை என்று பட்டால், அந்தக் குழாயைத் தானே கொண்டுவந்து உங்கள் மேசையில் வைப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "மல்லி, இதை எடுத்தது யார்?" அவ்வளவுதான். அவர் அங்கிருந்து நகராததால் நாங்களே போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வருவோம்.

கல்சியத்துக்கும் பொஸ்பேட்டுக்கும் அவர் வைத்திருந்த ஒழுங்குகள் தனி. கல்சியம் பார்க்க இரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டக்கூடாது. கட்டினால் நாளத்துக்குள் இரத்தம் தடித்து, இல்லாத கல்சியத்தை இருப்பதாகக் காட்டும். நாளம் தெரியவில்லையென்றால் கட்டிப் பார்த்து, அவிழ்த்து, கொஞ்ச நேரம் விட்டுத்தான் ஊசி போட வேண்டும். பொஸ்பேட்டுக்கு வெறும் வயிற்றில் காலை இரத்தம். சாப்பிட்டால் குறையும். எடுத்த இரத்தத்தைச் சும்மா வைத்திருந்தால், செவ்வணுக்கள் உடைந்து உள்ளே இருக்கும் பொஸ்பேட் வெளியே கொட்டி, அளவு கூடிவிடும்.

பொஸ்பேட்டுக்கென்றே ஒரு வரிசைக் கண்ணாடிக் குழாய்களை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். அவற்றை அமிலத்தில் ஊறப் போட்டு, வடிநீரில் அலசுவதும் அவர்தான். யாரோ ஒருமுறை உதவி செய்வதாக நினைத்துச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி வைத்தார்கள். மனிதர் அத்தனையையும் திரும்ப அமிலத்தில் போட்டார். "சவர்க்காரத்துக்குள்ளயும் பொஸ்பேட் இருக்கு, மல்லி" என்று பிற்பகல்தான் சொன்னார்.

அந்த நாட்களில்தான் டொக்டர் நிலூஷா பெரிய டொக்டராக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குள்ளமான, வேகமாக நடக்கிற பெண். தமிழை வாட்டில் நோயாளிகளிடமே கேட்டுக் கேட்டுப் படித்தார். ஒரு முடிவு விளங்கவில்லையென்றால் கோல் எடுக்கமாட்டார். படியிறங்கி ஆய்வுகூடத்துக்கே வந்துவிடுவார்.

அவர் முதன்முதல் அப்படி வந்தது எங்கள் ஊர் முத்தலிப் ஹாஜியாருக்காக. மதுரங்குளிச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். தாகம், மலச்சிக்கல், வாய் குழறல் என்று கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இரத்தத்தில் கல்சியம் எக்கச்சக்கம். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் புற்றுநோய்ப் பயம் வந்துவிட்டது. மகள்மார் வாட்டுக்கு வெளியே அழுதுகொண்டு நின்றார்கள். நான் போய்க் கையைக் கட்டாமல் திரும்ப எடுத்தேன். அப்போதும் அதே அளவு.

கழுத்தில் நெல்மணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் அவை பராதைரொயிட் ஹோர்மோனை அனுப்பும். 'கல்சியத்தைப் பிடித்து வை, பொஸ்பேட்டை விட்டுவிடு, விட்டமின் டியைத் தட்டி எழுப்பு' என்று சிறுநீரகத்துக்கு அது உத்தரவு போடும். கல்சியம் கூடினால் சுரப்பிகள் வாயை மூடிக்கொள்ளும். ஹாஜியாரின் இரத்தத்தை ஐஸ் பெட்டியில் கொழும்புக்கு அனுப்பினோம். ஹோர்மோன் அடிமட்டத்தில் இருந்தது. சுரப்பிகள் குற்றவாளிகள் அல்ல, கல்சியம் வேறு வழியால் வருகிறது.

டொக்டர் நிலூஷா கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "ஹாஜியார், ஒரு நாளைக்கு என்ன என்ன வாயில போடுவீங்க? எல்லாம் சொல்லுங்க" என்றார்.

மூத்த மகள்தான் பதில் சொன்னாள். "சோறு குறைவு டொக்டர். வாப்பாக்கு எந்த நேரமும் வெத்தில. சுண்ணாம்ப விரலால வழிச்சி வழிச்சித் தின்னுவாங்க. நெஞ்செரிச்சலுக்கு வெள்ளைக் குளிசயும் கையில ஈக்கும். அதையும் கச்சான் கொட்ட மாதிரிச் சப்புவாங்க."

சுண்ணாம்பு கல்சியம். அந்தக் குளிசையும் கல்சியம். இரண்டும் சேர்ந்து இரத்தத்தில் காரம் ஏறினால், சிறுநீரகத்தாலும் கல்சியத்தை வெளியே தள்ள முடியாது. வெற்றிலையையும் குளிசையையும் நிறுத்தி, சேலைன் ஏற்றினார்கள். அந்தக் கிழமை முடிவதற்குள் ஹாஜியார் எழுந்து உட்கார்ந்து, கடையைப் பூட்டி வைத்ததற்காக மகன்மாரை ஏசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மகள்மாருக்கு எவ்வளவு இனித்தது என்பதை அவர்கள் முகத்தில் பார்த்தேன்.

கல்சியம் கூடினால் இப்படி எல்லோரும் ஓடிவருவார்கள். பொஸ்பேட் குறைந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் வேலைக் காலத்தில் நான் மறக்காத நோயாளி அந்தக் குறைவோடு வந்தவள்.

ஜசிந்தா கற்பிட்டிப் பக்கத்துக் கரையைச் சேர்ந்தவள். கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் பெயர் செபமாலை; கடல் தொழில். அவள் கரையில் கருவாடு காயப்போட்டு விற்பவள். அப்போது நாற்பது வயது இருக்கும். சில வருடங்களாக இடுப்பு, விலா, கால் எல்லாம் நோவு. வாத்துப்போல் ஆடி ஆடித்தான் நடப்பாளாம். பல இடங்களில் காட்டியிருக்கிறார்கள். வாதம் என்றார்கள், நரம்பு என்றார்கள். விட்டமின் டி ஊசியும் போட்டார்கள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் வீட்டுப் படியில் ஒரு காலை இறக்கி வைத்தபோது தொடை எலும்பு வெடித்தது. விழவில்லை, அடிபடவில்லை. காலை வைத்தாள், அவ்வளவுதான்.

அவளுடைய இரத்தம் என் மேசைக்கு வந்தது. கல்சியம் சரியாக இருந்தது. எலும்பு நொதியம் கூடியிருந்தது. பொஸ்பேட், நான் அதுவரை பார்க்காத அளவுக்குக் கீழே. இயந்திரத்தைச் சந்தேகித்து, தெரிந்த அளவுள்ள திரவத்தைப் போட்டுப் பார்த்தேன். அது சரியாக வந்தது. சேரிடம் கொண்டுபோனேன்.

அவர் வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யோசித்தார். "மல்லி, ஊத்தை, உடைஞ்ச ரத்தம், பழைய ரத்தம், எல்லாம் பொஸ்பேட்டைக் கூட்டும். குறைக்காது. குளுக்கோஸ் ஏத்தின கையில எடுத்தா குறையும். போய்ப் பார்."

போய்ப் பார்த்தேன். சேலைன் எதுவும் ஏறவில்லை. அடுத்த நாள் காலை வெறும் வயிற்றில் நானே எடுத்தேன். அதே முடிவு. சேர் தொலைபேசியை எடுப்பதற்குள் டொக்டர் நிலூஷா படியிறங்கி வந்துவிட்டார்.

"சிறுநீரைப் பார்ப்போம்" என்றார். "ஒரு நாள் முழுக்கச் சேர்த்துத் தாங்க."

அதற்கு அமிலம் விட்ட பெரிய கேன் ஒன்றைக் கட்டிலருகே வைப்போம். ஒரு முறை தவறினாலும் கணக்குப் பிழைக்கும். பொதுவாக இது வாட்டில் நடக்காத காரியம், யாராவது ஊற்றிவிடுவார்கள். ஜசிந்தா அந்தக் கேனைக் காவல் காத்தாள். கழுவ எடுத்துப்போக வந்த பெண்ணிடம், "அதைத் தொட்டியெண்டால் பார். நாலு வருசமா எனக்கு என்னெண்டு யாரும் சொல்லேல்ல. சொல்லப் போறது அந்தக் கேன்தான்" என்றாளாம். தாதி சொல்லிச் சிரித்தார்.

கேன் சொன்னது. உடம்பில் பொஸ்பேட் இவ்வளவு பஞ்சமாக இருந்தால், சிறுநீரகம் ஒரு துணுக்கைக்கூட வெளியே விடக்கூடாது. ஜசிந்தாவின் சிறுநீரகம் வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப சாப்பாடு பிழையில்ல, குடல் பிழையில்ல" என்றார் டொக்டர். "கிட்னி வீசுது. யாரோ வீசச் சொல்றாங்க."

முதல் சந்தேகம் கழுத்துச் சுரப்பி. பொஸ்பேட்டை விடச் சொல்வது அதன் வழக்கம்தானே. ஐஸ் பெட்டி கொழும்புக்குப் போனது. முடிவு வந்தபோது, இவ்வளவு இழப்புக்குக் காரணம் சொல்கிற அளவுக்கு அந்த ஹோர்மோன் கூடியிருக்கவில்லை. டொக்டர் அன்று எங்கள் மேசையில் சாய்ந்து நின்று, இன்னொரு ஹோர்மோனைப் பற்றிச் சொன்னார். எலும்பிலேயே சுரப்பது. பெயர் எழுத்தும் இலக்கமுமாக, எஃப்.ஜி.எஃப். இருபத்துமூன்று. அதுவும் சிறுநீரகத்திடம் பொஸ்பேட்டை விடச் சொல்லும். அதோடு விட்டமின் டியை வேலைக்கு எழும்பவிடாமல் அமுக்கிவிடும். ஊசி போட்டும் ஏன் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"சில ஆக்களுக்கு உடம்பில எங்கயாவது ஒரு சின்னக் கட்டி வரும்" என்றார் டொக்டர். "கெட்ட கட்டி இல்ல. ஆனா இந்த ஹோர்மோனை நிறுத்தாம ஊத்திக்கொண்டே இருக்கும். எடுத்துப்போட்டா நோய் போயிரும்."

கருணாதாச சேர் கேட்டார்: "எங்க இருக்கும், மிஸ்?"

"அதுதான் கஷ்டம். எங்கயும் இருக்கும்."

அந்த ஹோர்மோனைப் பார்க்க இரத்தத்தை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். கொழும்பு வரைக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன். முடிவு வரக் கிழமைக் கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை ஜசிந்தாவுக்குப் பொஸ்பேட் கரைசலும், எழுப்பிவிடப்பட்ட விட்டமின் டியும் கொடுத்தார்கள். அளவு ஏறுகிறதா என்று பார்க்க அடிக்கடி நான் இரத்தம் எடுக்கப் போவேன்.

"நானா, இந்தத் தண்ணியக் குடிக்கிறதுக்கு நோவோடயே கிடக்கலாம்" என்பாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். "குடிச்ச உடன வயித்தால போகுது." பிறகு கையை நீட்டியபடியே கதைப்பாள். "ஊர்ல எனக்கு என்ன பேர் தெரியுமா? வேலைக் கள்ளி. நாலு பேர்ட வேலைய ஒருத்தியாச் செஞ்சவ நான். போன பெருநாளுக்கு என்ட மகளே கேட்டுட்டா, 'அம்மா, உண்மையா நோகுதா?' எண்டு." அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வேலையில் ஆறுதல் சொல்லப் பழக்கமில்லை.

டொக்டர் நிலூஷா தேடத் தொடங்கினார். இந்த நோய்க்கான ஸ்கேன் கொழும்பில்தான், அதற்கும் காத்திருக்க வேண்டும். அதுவரை கையால் தேடுவோம் என்றார். முதல் நாள் தலை, வாய், கழுத்து. அடுத்த நாள் கைகள், விரல்கள், முதுகு. ஒரு பகல், பார்வையாளர் வருகிற நேரம், செபமாலை சோற்றுப் பொதியோடு நின்றிருந்தார். அன்றைய முடிவை டொக்டரின் கையில் கொடுக்க நானும் மேலே போயிருந்தேன். டொக்டர் நிலத்தில் முழங்காலிட்டு, ஜசிந்தாவின் பாதங்களை அழுத்திக்கொண்டிருந்தார்.

இடது உள்ளங்காலின் குழிவில் சின்னத் தடிப்பொன்றில் விரல் பட்டதும், "ஆ!" என்றாள் ஜசிந்தா.

"இது என்ன?"

"அது முள்ளு டொக்டர். திருக்கை முள்ளு குத்தினது. உள்ளுக்கு உடைஞ்சு கிடக்கு. அது கிடந்திட்டுப் போகட்டும், எனக்கு இடுப்புத்தான் நோவு."

டொக்டர் கையை எடுக்கவில்லை. "எப்ப குத்தினது?"

"கலியாணம் முடிஞ்ச அடுத்த வருசம்."

செபமாலை சோற்றுப் பொதியைக் கட்டிலில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "இந்தக் காலா? உனக்குக் குத்தினது வலது கால்."

"எனக்குத் தெரியாதா என்ட காலை?"

"நானல்லவா கரையிலயிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தனான். வலது கால். தழும்பு கிடக்கு, பார்." அவர் வலது காலின் கணுக்கால் பக்கம் விரலை வைத்தார். வெள்ளையாக ஒரு பழைய தழும்பு இருந்தது.

ஜசிந்தா ஒரு காலையும் மற்றக் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இது?"

டொக்டர் நிலூஷா நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் சிரித்தார். "செபமாலை அண்ணன், நீங்க நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க" என்றார்.

அதன் பிறகு காரியங்கள் ஒழுங்காக நடந்தன. வெளிநாட்டு முடிவு வந்தது. ஹோர்மோன் மலையளவு. கொழும்பு ஸ்கேனிலும் அந்த உள்ளங்காலைத் தவிர வேறெங்கும் எதுவும் தெரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிச் சத்திரசிகிச்சை டொக்டரே அதை வெட்டியெடுத்தார். ஒரு கடலைக் கொட்டைதான் இருக்கும். சுற்றியிருந்த தசையிலும் கொஞ்சம் சேர்த்து எடுத்தார்கள், மிச்சம் வைத்தால் திரும்ப வரும் என்பதால். பொஸ்பேட் கரைசலை நிறுத்தினார்கள். இனி அவளுடைய சிறுநீரகம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் காலை வெறும் வயிற்று இரத்தம். பொஸ்பேட் பழைய இடத்திலேயே கிடந்தது. அதற்கடுத்த காலையும் அப்படியே. டொக்டர் இரண்டு நாளும் எங்கள் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் படியேறிப் போனார். கட்டியில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டதா என்ற பயம் எல்லோருக்கும். வாட்டில் ஜசிந்தா என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஊசியைப் பார்ப்பேன்.

மறுநாள் காலை கருணாதாச சேர் அலுமாரியைத் திறந்து தன் குழாய்களை எடுத்தார். இயந்திரம் வந்த பிறகு அந்தக் கைமுறையை நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். மொலிப்டேட் சேர்த்து, அதன்பின் இன்னொரு மருந்தைச் சேர்த்தால் நீலம் வரும். பொஸ்பேட் எவ்வளவோ, நீலம் அவ்வளவு. முந்தின நாள் இரத்தத்திலிருந்து பிரித்து மிச்சம் வைத்திருந்த சீரத்தையும் அன்றைய சீரத்தையும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் விட்டார். காத்திருந்தோம். டொக்டர் வந்து கதவருகே நின்றார்.

சேர் இரண்டு குழாய்களையும் யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். முதலாவது வெளிறிய நீலம். இரண்டாவது கடும் நீலம் இல்லை, ஆனால் முதலாவதைவிட ஒரு படி கூட. கண்ணுக்கே தெரிந்தது.

"ஹரி, மிஸ், சரி" என்றார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். காலை வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

இயந்திரமும் அதையே சொன்னது. அதன் பிறகு காலைக்குக் காலை ஏறி, சாதாரண அளவுக்குள் வந்து நின்றது. அன்று டொக்டர் என்னையும் வாட்டுக்கு வரச் சொன்னார். பகல் நேரம். செபமாலையோடு மகளும் வந்திருந்தாள், ஓலெவல் வகுப்புச் சீருடையில். டொக்டர் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மகள், அம்மாட எலும்பு மெழுகு மாதிரி இருந்தது. அந்த எலும்போட நடந்து உங்களுக்குச் சமைச்சுத் தந்திருக்காங்க. நான் எண்டால் எழும்பியும் இருக்கமாட்டேன்."

பிள்ளை போய்த் தாயின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜசிந்தாவோ, "கவனம், கவனம், வெள்ளைச் சட்டை, மருந்து பட்டிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எலும்பு தேறப் பல மாதங்கள் எடுத்தன. கிளினிக்குக்கு முதலில் சக்கர நாற்காலியில் வந்தாள், பிறகு ஊன்றுகோலோடு, பிறகு செபமாலையின் தோளைப் பிடித்துக்கொண்டு. அதன் பிறகு வருகை குறைந்தது. சுகமான நோயாளிகள் எங்களை மறப்பதுதான் நியாயம். கருணாதாச சேர் ஓய்வு பெற்றுச் சிலாபம் போனார். டொக்டர் நிலூஷா மாற்றலாகிப் போனார். பிறகு என் முறையும் வந்தது.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம், மனைவி பரீதாவோடு கற்பிட்டிப் பக்கம் கருவாடு வாங்கப் போயிருந்தேன். கரையில் ஒரு பெண் இடுப்பில் பெட்டியோடு யாரோ வியாபாரியை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். குரலைக் கேட்டுத்தான் திரும்பினேன். அவளும் என்னைக் கண்டாள். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து, பரீதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"தாத்தா, இந்த மனிசன் என்ட ரத்தம் முழுக்க உறிஞ்சி எடுத்தவர். பகல் சாப்பாட்டுக்கு எங்கட வீட்ட வராம நீங்க போகேலா. மகளும் புள்ளையோட வந்திருக்கா."

எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. வீடு எங்கே என்றேன். அந்தா, அந்தத் தென்னைகளுக்குப் பின்னால் என்று கையைக் காட்டிவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று முன்னால் நடக்கத் தொடங்கினாள். கொதிக்கிற மணல். இப்போது எனக்கு முழங்கால் நோவு. பரீதாவுக்கும் நடை குறைவு. கால் புதையப் புதைய நாங்கள் இரண்டு பேரும் பின்னால் இழுபட்டோம். அவள் பெட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, ஒருமுறையும் திரும்பிப் பார்க்காமல், தென்னைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று கூப்பிட்டேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை.